வேரழுகலுக்கு ஹோமியோபதி ஊற்றப் போகிறீர்களா? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செடி வாடுவது மேலே தெரியும்போது மண்ணுக்குள் பாதி வேர் ஏற்கெனவே போயிருக்கும். அதனால்தான் வேரழுகலைப் பார்த்தவர்கள் பதறிப்போய்க் கையில் கிடைப்பதையெல்லாம் ஊற்றுகிறார்கள். இப்போது அந்த வரிசையில் ஹோமியோபதி மருந்தும் சேர்ந்திருக்கிறது. சின்னக் குப்பி, சில துளி போதும், விஷம் கிடையாது, மண்புழு சாகாது என்று கேட்கும்போது யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. சில பருவங்கள் ஊற்றியும் பார்த்தேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணில் இருக்கும் பூஞ்சையை ஹோமியோபதி மருந்து கட்டுப்படுத்தும் என்று நம்பி ஒரு பயிரை அதனிடம் ஒப்படைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. இருந்தாலும் முயன்று பார்க்க நினைப்பவருக்கு ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிரையும் இழக்காமல், கண்ணால் பார்த்தது உண்மையா தற்செயலா என்ற குழப்பமும் இல்லாமல் எப்படி முயல்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பாதி வேலை மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே இருக்கிறது.

முதலில் ஒரு செடியைத் தோண்டி எடுங்கள்

செத்த செடியை எடுக்காதீர்கள். செத்த வேரில் எல்லாப் பூஞ்சையும் குடியேறிவிடும். எது கொன்றது என்று தெரியாது. பாதி வாடி, பாதி பச்சையாக நிற்கும் செடிதான் வேண்டும். கையால் இழுத்தால் நோயுள்ள வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், நல்ல வேர் மட்டும் மேலே வரும். எனவே சுற்றி மண்ணை வெட்டி, மண்ணோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, மெல்ல அலசுங்கள்.

இப்போது ஒரு மெல்லிய வேரை இரண்டு விரலால் பிடித்து நுனிப் பக்கமாக உருவிப் பாருங்கள். மேல்தோல் உறை கழன்று வருவதுபோல் வழுக்கி வந்து, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது பெரும்பாலும் பித்தியம் அல்லது பைட்டோப்தோரா. தண்ணீர் தேங்கும் இடத்து நோய் இது. இந்த இரண்டும் உண்மையில் பூஞ்சையே அல்ல. பாசி இனங்களுக்கு நெருக்கமான உயிரிகள். இவை பரவ உதவும் நுண்ணிய வித்துகளுக்கு வால் உண்டு, ஈர மண்ணில் நீந்தியே அடுத்த வேருக்குப் போய்விடும். கார்பென்டாசிம் போன்ற வழக்கமான பூஞ்சைக்கொல்லி இவற்றிடம் எடுபடாமல் போவதற்கும் இந்த வேற்றுமைதான் காரணம்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் குழிந்த புண் இருந்தால் ரைசோக்டோனியாவைச் சந்தேகிக்கலாம். அதே இடத்தில் வெள்ளை நூல் விசிறிபோலப் படர்ந்து, அதன் மேல் கடுகு சிதறியதுபோல் பழுப்பு உருண்டைகள் கிடந்தால் ஸ்கிளீரோஷியம் ரால்ஃப்சி. அந்தக் கடுகுதான் அதன் விதை மாதிரி. மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வேர்ப்பட்டை நார் நாராகப் பிரிந்து, உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேக்ரோஃபோமினா. இது வெயிலும் வறட்சியும் சேர்ந்து வாட்டும்போது பயறு வகைகளிலும் எள்ளிலும் பருத்தியிலும் தலைதூக்கும்.

வேர் வெளியே நன்றாக இருந்தும் செடி வாடுகிறதா? தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடினால் ஃபியூசேரியம் வாடல் என்று எடுத்துக்கொள்ளலாம்; தக்காளியில் முதலில் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாவது அதன் அடையாளம். இதோடு இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். அதே தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை தண்ணீரில் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சைக்கான எந்த வைத்தியமும் அதற்கு உதவாது.

வேரில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் நூற்புழு. வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்து, மேலே சொன்ன எந்த அடையாளமும் இல்லையென்றால் காற்றில்லாமல் மூச்சு முட்டி இறந்த வேராக இருக்கலாம். அங்கே நோய்க்கிருமியே முதல் குற்றவாளி இல்லை, தண்ணீர்தான்.

அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள பயிர் நோய் ஆய்வகத்துக்கு வேரையும் சுற்று மண்ணையும் அனுப்புங்கள். பெயர் தெரியாத நோய்க்கு எந்த முறை வைத்தியமும் குருட்டாம்போக்குதான்.

தண்ணீரைச் சரிசெய்யாமல் எதையும் ஊற்றாதீர்கள்

ஹோமியோபதி மருந்தைத் தண்ணீரில் கலந்துதான் வேரில் ஊற்றுகிறோம். நீந்தும் வித்து கொண்ட நோய்க்கு, ஏற்கெனவே சேறாக இருக்கும் இடத்தில் செடிக்கு அரை லிட்டர் ஊற்றினால் மருந்து என்ன செய்யும் என்பது அப்புறம், அந்தத் தண்ணீர் நோயைப் பரப்பும். எதிர்ப்பக்கமும் உண்டு. வறட்சியில் வரும் மேக்ரோஃபோமினாவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினாலே செடி கொஞ்சம் தேறும். மருந்து கலந்து ஊற்றியவர் மருந்தைப் புகழ்வார். இதைப் பின்னால் சோதனை பற்றிச் சொல்லும்போது மறக்க வேண்டாம்.

தேங்கும் இடத்தில் வடிகால் எடுங்கள். நாற்றங்கால் என்றால் ஒரு சாண் உயரமாவது மேட்டுப்பாத்தி போடுங்கள், விதையைப் பரவலாகத் தூவுங்கள், காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். நெருக்கி விதைத்த நாற்றங்காலில் நாற்றழுகல் ஒரு மூலையில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் வட்டமாகப் பரவி நாற்றுகள் படுத்துவிடும். வாடிய செடியை வேர்மண்ணோடு எடுத்து, மூடிய பையில் வெளியே கொண்டுபோங்கள். கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் வேலை செய்த மண்வெட்டியையும் செருப்பையும் சேறு போகக் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796இல் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது ஹோமியோபதி. நலமாக இருப்பவருக்கு எந்தப் பொருள் ஒரு தொல்லையைத் தருமோ, அதே பொருளை மிகமிக நீர்க்கச் செய்து கொடுத்தால் அதே மாதிரித் தொல்லை உள்ளவருக்குக் குணம் தரும் என்பது அதன் அடிப்படை. இதைச் செடிகளுக்குக் கொண்டுவந்தவர்கள் பிறகு வந்தவர்கள். 1920களில் லில்லி கோலிஸ்கோ என்ற பெண்மணி கோதுமை நாற்றுகளை மிக நீர்த்த கரைசல்களில் வளர்த்து அளந்து பார்த்தார். இத்தாலியின் போலோக்னா பல்கலைக்கழகத்தில் கோதுமை, புகையிலை, காலிஃப்ளவர் ஆகியவற்றில் நீர்த்த ஆர்செனிக் கரைசலைச் சோதித்திருக்கிறார்கள். சில சோதனைகளில் வேறுபாடு தெரிந்ததாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை முளைப்பும் இலை நோயும் பற்றியவை. தோட்டத்து மண்ணுக்குள் வேரைத் தின்னும் பூஞ்சையைப் பற்றி அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மனிதருக்கான ஹோமியோபதியையே எடுத்துக்கொண்டால், ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அது பயன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் உள்ள நோய் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

குப்பியின் மேல் எழுதியிருக்கும் வீரியத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ் என்றால் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றாக நீர்த்தது. சி என்றால் நூறில் ஒன்றாக. 6எக்ஸ் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 3சி என்பதும் அதே அளவுதான். ஒவ்வொரு படியிலும் குப்பியை வேகமாகக் குலுக்குவது இந்த முறையின் முக்கியப் பகுதி. 12சி தாண்டும்போது நீர்ப்பு ஒன்றுக்குப் பின் 24 பூஜ்யம் போட்ட எண்ணை எட்டிவிடும். ஒரு மோல் (வேதியியலில் பொருளை அளக்கும் ஓர் அலகு) பொருளில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையே ஏறக்குறைய 6க்குப் பின் 23 பூஜ்யம் போட்ட எண்தான். ஆக, 30சி குப்பியில் தொடக்கப் பொருளின் ஒரு மூலக்கூறு இருக்கவும் வாய்ப்பில்லை. இருப்பது ஆல்கஹாலும் தண்ணீரும். உருண்டையாக வாங்கினால் சர்க்கரை.

புதிதாக வருபவர்கள் குழம்பும் ஓர் இடம் இது. சல்ஃபர், குப்ரம் என்று குப்பியில் பார்த்ததும் ‘கந்தகமும் செம்பும் பூஞ்சைக்கு நல்லதுதானே’ என்று தோன்றும். உண்மைதான், செம்பு பூஞ்சையைக் கொல்லும். அதற்கு அளவு வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையில், ஒரு சத அளவில், லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு, இருக்கிறது. குப்ரம் 30சி குப்பியில் செம்பே இல்லை. பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேர் நோய்க்கென்று இந்த முறையைப் பின்பற்றுவோர் அடிக்கடி சொல்லும் பெயர்கள் சைலீசியா, கார்போ வெஜிடபிலிஸ், துஜா, கல்கேரியா கார்போனிகா, ஆர்செனிகம் ஆல்பம். நாற்று மெலிந்து சாய்ந்தால் சைலீசியா, அழுகி நாற்றமடித்தால் கார்போ வெஜிடபிலிஸ் என்று குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்தப் பருவம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கொரு மருந்து மாற்றினால் கடைசியில் எதைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.

ஆர்செனிகம் பற்றி ஒரு எச்சரிக்கை. அது வெள்ளைப் பாஷாணத்திலிருந்து செய்வது. 30சியில் பாஷாணம் இல்லை. குறைந்த வீரியத்தில் இருக்கிறது. தாய்த்திரவம் (நீர்க்காத மூல மருந்து), 3எக்ஸ், 6எக்ஸ் போன்றவற்றை உணவுப் பயிரின் வேரில் ஊற்றாதீர்கள். நஞ்சுப் பொருளிலிருந்து செய்த எந்த மருந்துக்கும் இதுவே பொருந்தும்.

கலப்பதும் ஊற்றுவதும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடியுள்ள சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், அதில் பத்து முதல் இருபது துளி மருந்து, உள்ளங்கையில் தட்டித் தட்டி இரண்டு நிமிடம் குலுக்கல். இந்த லிட்டரைப் பத்து லிட்டர் வாளியில் சேர்த்துக் கலக்கிக்கொள்ளலாம். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ பிடித்த பாத்திரம் கண்டிப்பாகக் கூடாது. களைக்கொல்லியின் மிச்சம் ஒட்டியிருந்தாலே இளஞ்செடி சுருண்டுவிடும். வெயில் தாழ்ந்த பிறகு (நாற்றங்காலில் என்றால் காலையில்), வேர் பரவியிருக்கும் வட்டத்தில் மெதுவாக ஊற்றுங்கள். நாற்றுக்கு ஒரு டம்ளரே அதிகம். வளர்ந்த காய்கறிச் செடிக்கு கால் லிட்டர். வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு முறை ஊற்றுவது பலர் பின்பற்றும் வழக்கம். மண் ஈரமாக இருக்கும் வாரத்தில் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் நோசோடு தயாரிக்க வேண்டாம்

நோயுற்ற பகுதியையே அரைத்து, நீர்த்து, குலுக்கி, அந்த நோய்க்கே கொடுப்பதற்கு நோசோடு என்று பெயர். ‘உங்கள் தோட்டத்து அழுகிய வேரையே எடுத்துச் செய்யுங்கள்’ என்ற ஆலோசனை உங்கள் காதுக்கும் வரும். இந்தக் கட்டுரையில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: செய்யாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அழுகிய வேரை அரைத்த கரைசலில் ஒரு மில்லிக்குப் பத்து லட்சம் வித்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை நூறில் ஒன்றாக நீர்த்தால் பத்தாயிரம். இன்னொரு முறை நீர்த்தால் நூறு. மூன்றாவது முறையும் ஒன்று மிஞ்சும். அதாவது 3சி வரைக்கும் உங்கள் ‘மருந்து’ உயிருள்ள நோய்தான். நீங்களே வாளியில் கலந்து, நோயில்லாத பாத்திக்கும் சேர்த்து, வேரடியில் ஊற்றிவிட்டு வருவீர்கள். வெறும் தண்ணீரில் நீர்த்தால் வித்து சாவதில்லை. ஃபியூசேரியத்தின் தடித்த தோல் வித்து ஒருமுறை மண்ணில் இறங்கினால் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். அவசரத்தில் செய்த ஒரு வாளிக் கரைசலுக்கு அடுத்த பல பருவங்கள் விலை கொடுக்க வேண்டிவரும்.

மருந்து ஊற்றாத பாத்தி

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

நான் முதல்முறை ஊற்றியது கத்தரி நாற்றங்காலில். நாற்றுகள் கழுத்தில் சுருங்கி ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. சைலீசியா ஊற்றினேன். நாலாவது நாள் சாய்வது குறைந்தது, ஒரு வாரத்தில் நின்றே போனது. அன்று என் சந்தோஷத்துக்கு அளவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்த ஆண்டு அதே நாற்றங்காலில் ஒரு பாத்தியை மட்டும் மருந்தில்லாமல் விட்டேன். அங்கேயும் ஏறக்குறைய அதே நாளில் நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நாற்றழுகல் இளந்தண்டைத்தான் பிடிக்கும். முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் தண்டு முற்றத் தொடங்கியதும் அந்தப் பூஞ்சைக்கு அதை உடைக்க முடிவதில்லை. யாரும் எதையும் ஊற்றாவிட்டாலும் மிஞ்சிய நாற்று தப்பித்துக்கொள்ளும். மோசமாகச் சாயும் நாளில்தான் நாம் மருந்தை எடுக்கிறோம். அந்த நாளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் தணியும் நாள்தான். மழை விட்டு வெயில் வந்தாலும் இப்படித்தான். மண் காய்ந்ததும் நீந்தும் வித்து நின்றுபோகும். அந்த வாரம் யார் எதை ஊற்றியிருந்தாலும் பெயர் அதற்குப் போய்ச் சேரும்.

எனவே சோதனையை இப்படி அமையுங்கள். ஒரே அளவுள்ள 12 சிறு பாத்திகள் எடுத்து, பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு ஜோடி ஆக்குங்கள். வேர் நோய் எப்போதும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஒரு கோடியில் மருந்தும் மறு கோடியில் வெறும் தண்ணீரும் என்று பிரித்தால் நீங்கள் மருந்தை அளக்கவில்லை, மண்ணை அளக்கிறீர்கள். ஜோடிக்குள் எதற்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ‘இது கொஞ்சம் வாட்டமாக இருக்கிறது, இதற்கே மருந்து ஊற்றுவோம்’ என்று கை போகும். போக விடாதீர்கள்.

மருந்து இல்லாத பாத்திக்கும் அதே அளவு தண்ணீர், அதே நேரத்தில், அதே குலுக்கலோடு போக வேண்டும். மருந்து ஆல்கஹாலில் இருந்தால் அங்கேயும் அதே துளிக்கணக்கில் வெறும் ஆல்கஹால் சேர்த்துவிடுங்கள். இரண்டு வாளிக்கும் அ, ஆ என்று பெயர் போட்டு, எது எது என்பதை வீட்டில் வேறொருவர் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும். ஊற்றுகிறவருக்கும் எண்ணுகிறவருக்கும் தெரியக்கூடாது. பாதி வாடிய செடியை ‘வாடியது’ கணக்கில் சேர்ப்பதா, ‘தேறும்’ கணக்கில் சேர்ப்பதா என்ற தடுமாற்றம் ஒவ்வொரு வாரமும் வரும். பெயர் தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாயும்; நல்லவர், கெட்டவர் என்று இதில் இல்லை, எல்லாருக்கும் சாயும்.

முதல் நாளே ஒவ்வொரு பாத்தியிலும் எத்தனை செடி என்று எண்ணிக் குறியுங்கள். பிறகு வாரம் ஒரே கிழமையில் இறந்தவை, வாடியவை, அன்றைய மழை, பாய்ச்சல். எண்ணுவதற்கு முன்பே, எவ்வளவு வேறுபாடு வந்தால் நம்புவேன் என்றும் எழுதிவிடுங்கள்.

கடைசியில் சீட்டைப் பிரித்து, ஜோடி ஜோடியாகப் பாருங்கள். மருந்துக்கு எந்த வேலையும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டில் ஒன்று கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும், காசு சுண்டியதுபோல. ஆறு ஜோடியிலும் மருந்துப் பாத்தியே முந்துவதற்குத் தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 64இல் ஒன்று. அப்படி வந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. அடுத்த பருவத்தில் திரும்பவும் செய்யுங்கள். நான்கு ஜோடியில் முந்தியது, இரண்டில் பிந்தியது என்றால் அது காசு சுண்டல்தான். என் பாத்திகளில் இதுவரை வந்தது அதுதான். உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். வந்தால் நாற்று வயதையும் மழைக் குறிப்பையும் சேர்த்து எழுதி வையுங்கள், மற்றவர்களும் செய்து பார்க்க முடியும்.

நிறுத்தும் எல்லையையும் முன்பே வையுங்கள். நான் வைத்திருப்பது நூற்றுக்கு ஐந்து செடி. அதைத் தாண்டினால் சோதனையை விட்டுவிட்டு, வேலை செய்யும் என்று தெரிந்த வைத்தியத்துக்குப் போய்விடுவேன். வயிற்றுக்கு நம்பியிருக்கும் வயலில் முதல் சோதனை வேண்டாம். ஓரத்தில் ஒரு துண்டு போதும்.

எல்லாப் பாத்திக்கும் சேர்த்துச் செய்ய வேண்டியவை

சோதனை நடக்கிறது என்பதற்காகப் பயிரை நிராயுதபாணியாக விடக்கூடாது. கீழே சொல்வதை மருந்துப் பாத்தி, தண்ணீர்ப் பாத்தி இரண்டுக்கும் ஒரே மாதிரி செய்தால் ஒப்பீடு கெடாது.

விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் ஃப்ளுரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து நிழலில் உலர்த்துங்கள். நிலத்துக்கு என்றால் இரண்டில் ஒன்றை ஹெக்டேருக்கு 2.5 கிலோ எடுத்து, 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துத் தூவலாம். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்துத் தின்னும். உயிருள்ள பொருள் என்பதால் பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள், செம்பு மருந்து போட்ட கையோடு போடாதீர்கள். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஹோமியோபதியில் ஆர்வமுள்ளவர்கள் பெரும்பாலும் ரசாயனத்தைத் தவிர்க்கத்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். அந்த நோக்கம்தான் என்றால் உங்கள் கை முதலில் போக வேண்டியது இந்தப் பாக்கெட்டுக்குத்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நாற்றங்கால் மண்ணுக்குக் கோடையில் பாலித்தீன் மூடாக்கு போடுங்கள்; உள்ளே ஏறும் சூட்டில் நோய்க்கிருமிகள் சாகும். மண்ணை நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீனை விரித்து, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விடவேண்டும். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976இல் வெளியிட்ட முறை இது. கறுப்புத் தாள் போட்டால் அதே சூடு மண்ணுக்குள் இறங்காது. காய்ந்த மண்ணிலும் பலன் குறையும்.

ஸ்கிளீரோஷியம் இருந்த நிலத்தில் ஒரு முறை ஆழ உழுது மேல்மண்ணைப் புரட்டினால் அந்தக் கடுகுகள் கீழே புதைந்து முளைக்க முடியாமல் போகும். அப்புறம் களையெடுக்கும்போது தண்டின் மேல் மண் அணைக்காதீர்கள். ஃபியூசேரியம் தொல்லை இருந்தால் மண்ணின் அமில காரநிலையைப் பாருங்கள். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டு 6.5க்கும் 7க்கும் இடையே கொண்டுவந்தால் வாடல் குறையும். இந்தப் பூஞ்சையின் ஒவ்வொரு வகையும் பெரும்பாலும் ஒரே பயிரையே பிடிக்கும் என்பதால் அடுத்து வேறு குடும்பத்துப் பயிரை வைக்கலாம். தக்காளி போன இடத்தில் கத்தரி மாற்றுப் பயிர் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். அங்கே கத்தரியே வேண்டுமென்றால் சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று ஒரு நல்ல வழி.

எல்லை தாண்டிவிட்டால்? நாற்றழுகலுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து மண் நனைய ஊற்றுவது பழகிப்போன வைத்தியம். பித்தியம், பைட்டோப்தோரா உறுதியானால் மெட்டலாக்சில் சேர்ந்த மருந்துகள் உண்டு; பாக்கெட்டில் போட்ட அளவும் அறுவடைக்கு முன்னான காத்திருப்பு நாளும் கட்டாயம்.

கடைசி அறுவடைக்குப் பிறகு

செடிகளை வெட்டிப் போட்டுவிட்டுப் போகாமல், ஒவ்வொரு பாத்தியிலும் பத்துச் செடியைத் தோண்டி வேரை அலசிப் பாருங்கள். அப்போதும் அ, ஆ சீட்டு பிரிக்கப்படாமல் இருக்கட்டும். முழு வெள்ளை வேருக்கு 0, கால்வாசி பழுப்பாகியிருந்தால் 1, பாதிக்கு 2, முக்கால்வாசிக்கு 3, மிச்சமே இல்லையென்றால் 4 என்று குறியுங்கள். மேலே பச்சையாக நின்ற செடியின் கீழே 2, 3 என்று வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். பாத்தி வரைபடத்தில் அந்த எண்களை எழுதினால் நோய்த்திட்டு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் அது தண்ணீர் ஓடும் பக்கமாக இருக்கும். அடுத்த பருவத்தின் வடிகாலை அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெட்டுங்கள்.